பிற்கால ரோமானியரைத் தேடுவோர் எந்தத் தொகுதியிலிருந்து தொடங்கலாம்?

கி.பி. 384ஆம் ஆண்டின் இறுதியில் ரோம் நகரத்து மேட்டுக்குடிப் பிரமுகரான வெத்தியஸ் அகோரியஸ் பிரைடெக்ஸ்டாட்டஸ் காலமானார். அடுத்த ஆண்டுக்குக் கான்சலாக, அதாவது ரோமின் மிக உயர்ந்த ஆண்டுப் பதவிக்கு, அறிவிக்கப்பட்டிருந்தவர், பதவியேற்கும் நாளைக் காணவில்லை. அவரைப் பற்றிய செய்திகள் ஓரிடத்தில் கிடைப்பதில்லை. அம்மியானஸ் மார்செல்லினஸின் வரலாற்றில் அவருடைய நகர ஆட்சியைப் பாராட்டும் ஒரு பகுதி, செனட்டரான சிம்மாக்கஸ் அவருக்கு எழுதிய கடிதங்கள், புனித ஜெரோமின் கடிதம் ஒன்றில் கடுமையான ஏச்சு, சில கல்வெட்டுகள் என்று அவை சிதறிக் கிடக்கின்றன. ஒரு காலத்தின் முக்கிய மாந்தர் அனைவரையும் பற்றிய இத்தகைய துணுக்குகளைத் திரட்டி, ஆள்வாரியாக வரிசைப்படுத்தும் துறைக்குப் புரோசோபோகிராஃபி என்று பெயர். பிற்கால ரோமப் பேரரசைப் பொறுத்தவரை இத்துறையில் போட்டியிடும் கருவிகள் சில உள்ளன. பிரைடெக்ஸ்டாட்டஸையும் அவருடைய மனைவி பவுலினாவையும் உரைகல்லாகக் கொண்டு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில் எடுக்க வேண்டியது ‘தி புரோசோபோகிராஃபி ஆஃப் தி லேட்டர் ரோமன் எம்பயர்’ என்ற கேம்பிரிட்ஜ் தொகுதி. ஏ.எச்.எம். ஜோன்ஸ், ஜே.ஆர். மார்ட்டிண்டேல், ஜே. மாரிஸ் ஆகியோர் தொடங்கிய பணி இது. 260 முதல் 395 வரையிலான முதல் தொகுதி, ஜோன்ஸ் மறைந்த மறு ஆண்டான 1971இல் வெளிவந்தது. 395 முதல் 527 வரையிலான இரண்டாம் தொகுதி 1980இலும், 641 வரை செல்லும் மூன்றாம் தொகுதி 1992இலும் வந்தன. செனட்டர்கள், ஆளுநர்கள், படைத்தலைவர்கள், அரண்மனை அலுவலர்கள் ஆகியோருடன் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், இலக்கண ஆசிரியர்கள், கவிஞர்கள் போன்றோரும் இதில் இடம்பெறுகிறார்கள். திருச்சபைப் பணியாளர்கள் அந்தத் தகுதியில் மட்டும் இடம்பெறுவதில்லை. புனித அம்புரோஸ் இதில் இருப்பதற்குக் காரணம், 374இல் மிலான் ஆயராவதற்கு முன்பு அவர் எமிலியா-லிகுரியா மாகாணத்தின் ஆளுநராக இருந்ததே.

இந்தத் தொகுதியின் பெரும் பலம் அதன் அடுக்குமுறை. ஒருவருக்கு ஐந்தாறு பெயர்கள் இருந்தாலும், அவர் வழக்கத்தில் அறியப்பட்ட கடைசிப் பெயரின் கீழ் அவரைச் சேர்த்து, ஒரே பெயருடையோரை எண்ணிட்டுப் பிரிக்கிறது. தலைப்பிலேயே அவர் வகித்த உயர்பதவியும் ஆண்டும் இருக்கும். கடைசிப் பக்கங்களில் பதவிவாரியான பட்டியல்களும் குடிவழிப் படங்களும் உள்ளன. 367இல் ரோம் நகர ஆட்சித்தலைவர் யார் என்ற கேள்விக்கு ஒரு நிமிடத்தில் விடை காணலாம்.

பெயரை எங்கே அடுக்குவது என்பது வெறும் நூலகச் சிக்கல் அன்று என்பதற்கு மக்ரோபியஸ் நல்ல சான்று. பிரைடெக்ஸ்டாட்டஸின் வீட்டில் கூடும் விருந்தினரின் உரையாடலாக ‘சாட்டர்னாலியா’ என்ற நூலை எழுதியவர் அவர். மக்ரோபியஸ் என்ற பெயரைத் தேடியோருக்கு 410இல் ஆப்பிரிக்க ஆளுநராக இருந்த ஒருவரும், 422இல் அரண்மனைப் பள்ளியறையின் தலைமை அலுவலராக இருந்த ஒருவரும் கிடைத்தனர். இரண்டாமவரின் பதவி வழக்கமாக அண்ணகர்கள் (ஆண்மை நீக்கப்பட்டோர்) வகிப்பது. நூலாசிரியரோ தம் நூலைத் தம் மகனுக்குப் படைக்கிறார். அவருடைய முழுப்பெயர் மக்ரோபியஸ் அம்புரோசியஸ் தியோடோசியஸ் என்பதால், தியோடோசியஸ் என்ற கடைசிப் பெயரில் தேடிய வரலாற்றாய்வாளர் ஆலன் கேமரன், 430இல் இத்தாலியின் பிரிடோரிய ஆட்சித்தலைவராக (பேரரசரின் உயர்மட்ட நிர்வாகியாக) இருந்த தியோடோசியஸே அவர் என்று 1966இல் வாதிட்டார். ஏடுகளில் ஆசிரியருக்குள்ள ‘இல்லஸ்ட்ரிஸ்’ என்ற உயர்தரப் பட்டமும் அந்தப் பதவிக்குப் பொருந்துகிறது. அதை ஏற்றால், அந்த நூல், கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களை வழிபட்ட பழைய சமயத்தாரின் சமகாலக் குரல் அன்று. அரை நூற்றாண்டு கழித்து ஒருவர் திரும்பிப் பார்த்து எழுதிய சித்திரம். ஓர் ஆளை அடையாளம் காண்பது ஒரு நூலின் பொருளையே மாற்றிவிடுகிறது.

‘புரோசோபோகிராஃபி க்ரெத்தியேன் து பா-ஆம்பீர்’ என்ற பிரெஞ்சுத் தொகுதி கேம்பிரிட்ஜ் தொகுதியின் மறுபாதி. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஆரி மார்ரூவின் முன்முயற்சியில், கேம்பிரிட்ஜ் அணி உலகியல் மாந்தரையும் பிரெஞ்சு அணி கிறிஸ்தவ மாந்தரையும் பிரித்துக்கொண்டன. பிரெஞ்சு அணி பேரரசை வட்டாரங்களாகவும் பிரித்தது: ஆப்பிரிக்கா 1982இலும், இத்தாலி 1999 முதல் 2000க்குள்ளும், ஆசியா (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) 2008இலும், கால் (இன்றைய பிரான்சை உள்ளடக்கிய நாடு) 2013இலும் வெளிவந்தன. இங்கே பதிவுகள் நீளமானவை. ஆண்டு வரிசையில், சான்றைச் சான்றாக எடுத்துச்சொல்லி, ஓர் ஆயர் எந்தத் திருச்சபைச் சங்கத்தில் எந்த நிலைப்பாட்டை எடுத்தார் என்பதுவரை விவரிக்கின்றன. பதவியே வகிக்காத கைம்பெண்கள், துறவியர், தேவாலயத்தின் தரை ஓவியத்துக்குப் பொருள் கொடுத்த எளிய இல்லறத்தார் ஆகியோர் தம் பெயரில் எழுந்து நிற்பது இங்கேதான். கேம்பிரிட்ஜ் தொகுதியில் பெரும்பாலும் பட்டம் பேசுகிறது; இங்கே மனிதர் நடமாடுகிறார். ஆனால் இந்த நான்கும் எகிப்தையும் சிரியாவையும் தொடவில்லை; பழைய சமயத்தவரான பிரைடெக்ஸ்டாட்டஸும் இதன் எல்லைக்கு வெளியே நிற்கிறார்.

இந்தப் பிரிவினையால் வரும் இழப்பு மனத்தை உறுத்துகிறது. ஜெரோம் தம் 23ஆம் கடிதத்தில், அப்போதுதான் இறந்திருந்த லேயா என்ற துறவுப் பெண்மணியையும் பிரைடெக்ஸ்டாட்டஸையும் அருகருகே நிறுத்துகிறார். சாக்குத்துணி உடுத்தி இரவெல்லாம் செபித்தவள் பேரின்பத்தில் இருக்கிறாள். ஊரே போற்றிய கான்சலோ இருளில் கிடக்கிறார், அவருடைய மனைவி கற்பனை செய்வதுபோல விண்ணுலக மாளிகையில் இல்லை என்கிறார். ஒரே நகரம், ஒரே பருவம், ஒரே கடிதம். இவ்விருவரும் ஒருவரையொருவர் எதிரொலிப்பதைக் காண, ஆய்வாளர் இரண்டு தொகுதிகளையும் மேசையில் விரித்து வைத்தே ஆக வேண்டும்.

பாவ்லி-விஸ்ஸோவா என்று சுருக்கமாக வழங்கும் ஜெர்மன் கலைக்களஞ்சியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டோ சேக் போன்ற பெரும் அறிஞர்கள் எழுதிய கட்டுரைகள் வாதங்களை விரிவாக நடத்துவதால், ஒரு கருத்து எங்கிருந்து வந்தது என்று அறிய அவை இன்றும் உதவுகின்றன. ஆனால் 1890களில் தொடங்கிய பணியின் தொடக்கத் தொகுதிகளுக்குப் பின் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏராளம். முதல் கருவியாக இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

உண்மையான போட்டி இப்போது இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் கல்வெட்டுத் தரவுத்தளங்களிடமிருந்து வருகிறது. கிளவுஸ்-ஸ்லாபி தளத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட லத்தீன் கல்வெட்டு வாசகங்களைத் தேடலாம். பிற்காலச் சிலைகளுக்கென்றே ஆக்ஸ்போர்டு உருவாக்கிய தளத்தில் வாசகத்துடன் பீடத்தின் விவரமும் கிடைக்கும். இவை ஆளைத் தராமல் கல்லைத் தருகின்றன. ஒரே பெயருடைய இருவரைப் பிரிக்கும் பொறுப்பு நம்முடையது. புதிதாக வருவோர் இங்கிருந்து தொடங்கினால் தடுமாறுவது உறுதி. ஆயினும் இங்கே வராமல் நிறுத்திக்கொள்வது அதைவிடப் பெரிய பிழை என்பதே என் கருத்து.

பிரைடெக்ஸ்டாட்டஸின் கற்களே அதற்குக் காரணம். செனட்டின் தூதராக அவர் ஐந்து முறை சென்றார் என்று அவருக்கும் பவுலினாவுக்கும் உரிய நினைவுப் பலிபீடம் கூறுகிறது. இன்னொரு கல்வெட்டு ஏழு முறை என்கிறது. பலிபீடத்தின் முகப்பு முதலில் அவருடைய சமயப் பொறுப்புகளை அடுக்குகிறது: நிமித்திகர், அடுப்புத் தெய்வமான வெஸ்டாவின் குரு, சூரியனின் குரு, கிரேக்க ஊரான எலூசிஸின் மறைசடங்குகளில் தீட்சை பெற்றவர் என்று அது நீள்கிறது. அதற்குப் பிறகே ‘அரசியலிலோ’ என்று வரியைத் திருப்பி, குவெஸ்டர் என்ற தொடக்கப் பதவி முதல் கான்சல்வரையிலான பதவிகளைச் சொல்கிறது. கேம்பிரிட்ஜ் பதிவின் தலைப்போ நகர ஆட்சித்தலைமையையும் பிரிடோரியப் பதவியையும் முன்னிறுத்துகிறது. செய்தி எதுவும் தவறன்று, வரிசை தலைகீழாகிவிட்டது. வரிசையில்தான் அந்தக் குடும்பம் தன்னை எவ்வாறு காண விரும்பியது என்பது இருக்கிறது.

அதே பதிவில் பவுலினா, மனைவி என்ற குறிப்பாகச் சுருங்குகிறாள்; தனிப் பதிவிலும் அவளுடைய குடியும் குருத்துவங்களுமே நிரம்புகின்றன. கல்லின் முகப்பு இருவரும் 40 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்ததைச் சொல்கிறது. பின்புறத்தில் அவள் கணவனை விளித்துப் பேசும் நீண்ட கவிதை பொறிக்கப்பட்டுள்ளது. கிரேக்க, லத்தீன் நூல்களை நீ திருத்தினாய், ஆனால் இவை சிறியவை என்கிறாள்; பதவிகளும் பட்டங்களும் அழியக்கூடியவை, நீ அவற்றைப் பெரிதாக எண்ணவில்லை என்கிறாள். ஜெரோம் ஏளனம் செய்த நம்பிக்கை அவளுடைய சொந்தக் குரலில் இருப்பது இங்கேதான். தெய்வங்கள் என் கணவனை எனக்குப் பின்னும் வாழவிட்டிருந்தால் நான் பேறுபெற்றவளாயிருப்பேன். ஆனாலும் பேறுபெற்றவளே, ஏனெனில் நான் உன்னவள், உன்னவளாக இருந்தேன், இறந்தபின் விரைவில் உன்னவளாகவே இருப்பேன் என்று அந்தக் கவிதை முடிகிறது.