பைட்டேஸ் பொட்டலத்தை நம்பி டிசிபியைக் குறைக்காதீர்கள்

பல்லடம் பக்கம் சொந்தமாகத் தீவனம் அரைத்துக் கறிக்கோழி வளர்ப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள். ஒப்பந்தப் பண்ணைக்காரர்களுக்குத் தீவனம் கம்பெனியிலிருந்து வந்துவிடும். வீரியமில்லாத பைட்டேஸ் என்சைமைத் தந்து, எலும்புக்குப் பாஸ்பரஸ் தரும் டிசிபியை (டைகால்சியம் பாஸ்பேட்) தீவனத்தில் குறைக்கச் சொல்லும் இந்த ஏமாற்று வேலை நம்மைப் போன்றவர்களைத் தேடித்தான் வருகிறது.

போன முறை குஞ்சு இறக்குவதற்கு நான்கு நாள் முன்பு விற்பனையாளர் ஒருவர் பண்ணைக்கு வந்தார். கையில் பைட்டேஸ் என்சைம் பொட்டலம். "கிராமுக்கு 5000 யூனிட் வீரியம் அண்ணா. டன்னுக்கு 100 கிராம் போட்டுவிட்டு, 17 கிலோ டிசிபியை 10 கிலோ ஆக்கிவிடுங்கள். டன்னுக்கு 300 ரூபாய் மிச்சம்" என்றார்.

அவர் சொன்ன கணக்கு சரியானது. அதனால்தான் ஏமாந்தேன். மக்காச்சோளத்திலும் சோயாப் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற சேர்மமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைப் பிரிக்கப் போதுமான என்சைம் கோழிக் குடலில் இல்லை. வெளியிலிருந்து பைட்டேஸ் கொடுத்தால் அந்தப் பாஸ்பரஸ் எலும்புக்குக் கிடைக்கும், டிசிபியைக் குறைக்கலாம். டன்னுக்கு 100 கிராம் என்றால் ஒரு கிலோ தீவனத்துக்கு 500 யூனிட். பெரிய தீவன ஆலைகளும் இப்படித்தான் செய்கின்றன. ஆனால் பொட்டலத்துக்குள் பைட்டேஸ் இருக்க வேண்டுமே!

13ஆம் நாள் காலையில், சுவரோரமாகச் சில குஞ்சுகள் உட்கார்ந்தபடியே தீவனம் கொத்திக்கொண்டிருந்தன. விரட்டினால் இறக்கையை ஊன்றி நகர்ந்தன. இரண்டே நாளில் அது நூற்றைத் தாண்டியது. ஒன்றைத் தூக்கி அலகை விரலால் அழுத்தினேன், ரப்பர் போல வளைந்தது. கால்நடை மருத்துவர் வந்து அறுத்துப் பார்த்தார். நெஞ்செலும்பு நெளிந்து கிடந்தது. கால் எலும்பை எடுத்து இரண்டு கையாலும் மடக்கினார். நல்ல எலும்பு என்றால் படக்கென்று ஒடியும். இது சத்தமே இல்லாமல் வளைந்து நின்றது. "பாஸ்பரஸ் போதவில்லை" என்றார்.

விற்பனையாளருக்குப் போன் செய்தேன். தீவனத்தைக் குருணையாக அழுத்தும் பெல்லட் சூட்டில் என்சைம் செத்திருக்கும் என்றார். சாதாரணப் பைட்டேஸ் சூட்டில் வீணாவது உண்மைதான். ஆனால் நான் பெல்லட் போடுவதே இல்லை, வெறும் தூள் தீவனம்தான். அதைச் சொன்னதும் தண்ணீரைக் குறை சொன்னார், பிறகு வைட்டமின் டி3யைக் குறை சொன்னார். டி3 உள்ள பிரீமிக்ஸ் (வைட்டமின் கலவை) முந்தைய பேட்ச் குஞ்சுகளுக்குப் போட்ட அதே மூட்டை. அந்தப் பேட்சில் ஒரு கோழிகூடக் காலை மடக்கவில்லை. மூன்றாவது அழைப்பிலிருந்து அவர் எடுக்கவே இல்லை.

மிச்சமிருந்த தூளை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். 5000 யூனிட் இருக்க வேண்டிய இடத்தில் 600தான் இருந்தது. என் குஞ்சுகளுக்குக் கிலோவுக்கு 60 யூனிட் போயிருக்கிறது, டிசிபியோ 7 கிலோ குறைவு. உடனே டிசிபியைப் பழையபடி ஏற்றி, தண்ணீரில் டி3 கொடுத்ததில் பாதிக்கு மேல் எழுந்து நடந்தன. எலும்பு கோணியவை எழவில்லை. 3000 குஞ்சுகளில் 340ஐக் கழித்தேன். மற்றவை 42ஆம் நாளில் சராசரி 1.7 கிலோதான் வந்தன. தீவனத்துக்கு எதிரே ஓடிவரும் குஞ்சு, காலை இழுத்துக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடுவதைப் பார்க்கும்போது பணம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

என் பொட்டலத்தில் பேட்ச் எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நீங்கள் என்சைம் வாங்கினால் அந்தப் பேட்சுக்கான ஆய்வுச் சான்றையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் 50 கிராம் எடுத்து, தேதி எழுதி, வெயில் படாமல் வையுங்கள். நான் மிச்சம் வைத்திருக்காவிட்டால் எதையும் நிரூபித்திருக்க முடியாது. புது என்சைமை நம்பி டிசிபியைக் குறைப்பதென்றால் முதலில் 100 குஞ்சுகளைத் தடுப்பு கட்டிப் பிரித்து வளர்த்து, பத்தாம் நாளிலிருந்து தினமும் அலகைத் தொட்டுப் பாருங்கள்.

டிசிபியிலும் கலப்படம் உண்டு. நல்ல டிசிபியில் பாஸ்பரஸ் 18 சதவீதம் இருக்கும். சுண்ணாம்புக்கல் தூள் கலந்தால் கால்சியம் ஏறிப் பாஸ்பரஸ் இறங்கிவிடும், கால்சியம் மிஞ்சினால் நல்ல பைட்டேஸின் வேலையும் குறையும். ஒரு துளி ஆசிட் விட்டுப் பொங்கி நுரைத்தால் சந்தேகப்படுங்கள். சரியான அளவு தெரிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

அந்த ஆள் காங்கேயம் பக்கமும் போவதாகக் கேள்வி. பேட்ச் எண் இல்லாத பொட்டலம் உங்கள் பண்ணையில் இருந்தால், நாளைக்கு அரைக்கும் தீவனத்திலேயே டிசிபியைப் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.