டிஜிட்டல் ரூபாயில் சிறுவாடு சேர்க்க முடியுமா?

மூன்று மாதமாக டிஜிட்டல் ரூபாயை வைத்துப் புழங்கிப் பார்த்தேன். ரிசர்வ் வங்கி வெளியிடுகிற பணம். நம் கைக்கு வருவது ஏதாவது ஒரு வங்கியின் செயலி வழியாக. நான் எந்த வங்கியின் செயலியை இறக்கினேன் என்று சொல்லப் போவதில்லை. அதன் கோளாறைப் பின்னால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது, எனக்கோ அந்த வங்கியில்தான் ஓவர்டிராஃப்ட்.

கடை பாளையங்கோட்டையில், தெற்கு பஜாரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெருவில். பலசரக்கு. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் என்னை 'லிபர்டேரியன் மாமா' என்பான். அரசாங்கம் போலீஸ், கோர்ட், ராணுவம் இந்த மூன்றையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் போதும், மற்றதில் கை வைக்க வேண்டாம், என் காசை என்னிடம் விட்டால் எனக்கு வேண்டியதை நான் பார்த்துக்கொள்வேன் என்று முப்பது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்து சொல்லி வருகிறேன். அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அவன் சொல்லித்தான் தெரியும். தெருவில் வைத்திருக்கும் பெயர் 'வரி கட்ட மனசில்லாத அண்ணாச்சி'. கட்டுகிறேன், ஒரு ரூபாய் பாக்கியில்லாமல். முனகிக்கொண்டு கட்டுகிறேன், அவ்வளவுதான். இது அப்பாவிடமிருந்து வந்த வியாதி. அவர் சுதந்திராக் கட்சிக்காரர், கடையில் ராஜாஜி படம் மாட்டியிருந்தார். 1939இல் சென்னை மாகாணத்துக்கு விற்பனை வரியைக் கொண்டுவந்ததே அதே ராஜாஜிதான் என்று கடைசிவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நல்லவேளை.

மருமகன் முதலில் வாங்கச் சொன்னது பிட்காயின். 2009 ஜனவரியிலிருந்து ஓடுகிறது மாமா, மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் ஒருநாளும் வராது, எந்த அரசாங்கமும் இஷ்டத்துக்கு அச்சடிக்க முடியாது என்றான். பணம் வெளியிடுவதை அரசிடம் மட்டும் விட்டுவைக்கக் கூடாது, தனியாரும் போட்டிக்கு வரட்டும் என்று ஹயக் என்ற பொருளாதார அறிஞர் 1976இலேயே எழுதிவிட்டார் என்றும் சொன்னான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் இறக்கிய துவரம்பருப்புக்குச் சாயங்காலம் காசு கொடுப்பதற்குள் காசின் விலையே மாறிவிட்டால் நான் எந்த நோட்டில் எப்படிக் கணக்கு எழுதுவது? போதாததற்கு, 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்தில் 30 சதவீதம் வரி, அந்த ஜூலையிலிருந்து விற்கிறபோதே 1 சதவீதம் பிடித்தம். ஒன்றில் விட்ட நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் விடமாட்டார்கள். லாபம் வந்தால் பங்காளி, நஷ்டம் வந்தால் நீ யாரோ நான் யாரோ. அவனே ஒரு பாட்டம் பட்டுவிட்டுத்தான், 'சரி மாமா, அரசாங்கமே ஒண்ணு விட்டிருக்கு, அதையாவது பாருங்க' என்று டிஜிட்டல் ரூபாயை என் போனில் ஏற்றிவிட்டுப் போனான்.

சில்லறைப் புழக்கத்துக்கு இது 2022 டிசம்பர் 1ஆம் தேதி மும்பை, டெல்லி, பெங்களூரு, புவனேஸ்வரத்தில் சோதனையாக வந்தது. சேமிப்புக் கணக்கிலிருந்து ஒரு தொகையை ஏற்றினால் செயலிக்குள் நோட்டும் நாணயமுமாக வந்து உட்காருகிறது. நான் முதலில் ஐந்நூறு ஏற்றினேன். கணக்கில் கழிந்தது, செயலியில் வரவில்லை. உதவி எண்ணைக் கூப்பிட்டால் பாட்டுப் போட்டார்கள், பிறகு பொறுத்திருங்கள் என்றார்கள். இரண்டாம் நாள் காலை தானாகவே வந்திருந்தது. எங்கே போயிற்று, எப்படித் திரும்பிற்று என்று ஒரு வார்த்தை இல்லை. என் கல்லாவில் ஐந்நூறு இரண்டு நாள் காணாமல் போயிருந்தால் கடைப்பையன் கதி என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கில் கிடப்பது வங்கி நமக்குத் தரவேண்டிய கடன். வங்கி படுத்துவிட்டால் காப்பீடு ஐந்து லட்சத்தோடு நின்றுவிடும். டிஜிட்டல் ரூபாய் அப்படி இல்லை, சட்டைப்பையில் இருக்கிற நோட்டைப் போல ரிசர்வ் வங்கியின் நேரடிப் பொறுப்பு. வட்டி கிடையாது, நோட்டுக்கு மட்டும் யார் வட்டி தருகிறார்கள்? இன்னொன்று, யூபிஐயில் பத்து ரூபாய் பன் வாங்கினாலும் பாஸ்புக்கில் ஒரு வரி விழும். இதில் ஏற்றியது மட்டும்தான் விழுகிறது. மாதக் கடைசியில் என் பாஸ்புக் இரண்டு பக்கம் இளைத்திருந்தது, ஆடிட்டருக்குப் பரம சந்தோஷம்.

அப்புறம் டீக்கடை. அங்கே ஒட்டியிருக்கும் அதே க்யூஆர் அட்டையை இந்தச் செயலியும் படிக்கிறது. இரண்டு டீ, ஒரு வடைக்கு அனுப்பினேன். ஸ்பீக்கர் பெட்டி வழக்கம்போலக் கத்தியது. 'என்ன அண்ணாச்சி, புதுசா எதையோ அமுக்குதீய?' என்றார் மாஸ்டர். இது டிஜிட்டல் ரூபாய் என்றேன். தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'எனக்கு எப்பவும் போல பேங்க்லதான வந்துருக்கு' என்றார். அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் ரொக்கமாக நினைத்துக் கொடுக்கிறேன், அவருக்கு அது கணக்கில் விழுந்த வரவு. அவரும் இதே மாதிரி வாலட் வைத்திருந்தால்தான் ரொக்கம் ரொக்கமாகப் போய்ச் சேரும். எங்கள் தெருவில் இதுவரை அந்த வாலட் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. கையில் ஒற்றைச் செருப்பு வைத்திருப்பவன் மாதிரி.

பாஸ்புக் வரிக்கு ஏன் இத்தனை பயம் என்று சம்பளக்காரர்கள் கேட்பார்கள். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யூபிஐ வரவைக் கூட்டிப் பார்த்துச் சின்னக் கடைக்காரர்களுக்கு வணிகவரி நோட்டீஸ் போனது. பெங்களூரில் கடைகளில் யூபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும் என்று காகிதம் ஒட்டினார்கள். மருமகன் போட்டோ பிடித்து அனுப்பினான். காய்கறி விற்று வந்த வரவும், மச்சான் திருப்பித் தந்த கைமாற்றும் கம்ப்யூட்டருக்கு ஒரே வரவுதான். நம்மூர் டீ மாஸ்டருக்கு இது தெரியும். 'எல்லாம் கூட்டிப் பாப்பாவளோ?' என்று என்னிடமே இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அடுத்த சோதனை வீட்டில். இந்தப் பொருளுக்கு உண்மையான பரீட்சை அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

என் மனைவிக்குச் சிறுவாடு உண்டு. பலசரக்குக்காரன் வீடு என்பதால் மளிகையில் மிச்சம் பிடிக்க வழியில்லை. மீன், காய்கறி, பூ, பால் இவற்றில்தான் பிடிப்பாள். 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி டிவியில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்து அரசாங்கத்தைத் திட்டத் தொடங்கினேன். அவள் பேசாமல் உள்ளே போய் உளுந்து டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தாள். உளுந்துக்கு நடுவே பிளாஸ்டிக் பையில் சுருட்டி இருபத்து மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டு. 'என்னது இது, வரி கட்டாத பணமா?' என்று சிரிக்கப் பார்த்தேன். 'நான் கவர்மெண்ட்டுக்கிட்ட இருந்து ஒளிச்சு வைக்கல. உங்ககிட்ட இருந்துதான் ஒளிச்சு வச்சேன்' என்றாள். அப்படியானால் இந்த வீட்டில் அரசாங்கம் யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினோராயிரத்து ஐந்நூறும் வரிசையில் நின்று கணக்கில் கட்டினோம். அதன்பிறகு அது என் கண்ணுக்குத் தெரிந்த பணமாகிவிட்டது. சோபா வாங்கினோம். அவளுக்குச் சோபா வேண்டியிருக்கவில்லை.

இப்போது அவளிடம் செயலியைக் காட்டி, இதில் உன் சிறுவாட்டைப் போட்டு வைத்துக்கொள், கரையான் அரிக்காது, போன் தொலைந்தாலும் அதே எண்ணில் மீட்டுக்கொள்ளலாம் என்று விளக்கினேன். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். 'இதுல காசு ஏத்துனா மெசேஜ் யாரு போனுக்கு வரும்?' கணக்கு இருவர் பெயரிலும், எண் என்னுடையது. 'பொறவு எனக்கு எதுக்கு இது' என்று கருவேப்பிலை உருவப் போய்விட்டாள். ரிசர்வ் வங்கி 2022 அக்டோபரில் வெளியிட்ட குறிப்பில், சிறு தொகைகளுக்காவது யார் யாருக்குக் கொடுத்தார் என்பது மறைவாக இருப்பது நல்லது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் வீட்டிலும் ஒரு உளுந்து டின் இருந்திருக்கும். ஆனால் பொருளை வாங்கி உபயோகிக்கிற நான் பார்ப்பது, போன் எண்ணோடு கட்டிப்போட்ட பணப்பையை.

இதைவிட எனக்கு உறுத்துவது இன்னொரு வசதி. 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள்: இந்தப் பணத்துக்குள் நிபந்தனை எழுதி வைக்க முடியுமாம். இன்ன செலவுக்குத்தான் செல்லும், இன்ன தேதிவரைதான் செல்லும், இன்ன எல்லைக்குள்தான் செல்லும் என்று. மானியம் சரியான ஆளுக்குச் சரியான காரியத்துக்குப் போய்ச் சேர இது உதவும் என்கிறார்கள், சேரலாம். ஆனால் காலாவதித் தேதி என்றால் என்ன என்று என்னைக் கேளுங்கள். பால்பவுடர், பிஸ்கட், ரவை எல்லாவற்றையும் தேதி பார்த்து முன்னுக்கு இழுத்து அடுக்குவதுதான் என் பிழைப்பு. காசையும் அப்படி அடுக்க வேண்டுமா? பாளையில் ஏற்றிய காசு, திருநெல்வேலிக்குப் போகிற சுலோசன முதலியார் பாலம் தாண்டினால் செல்லாது என்று ஒருநாள் ஒருவர் எழுதி வைத்தால் யாரிடம் போய் நிற்பது? (அந்தப் பாலம் 1843இல் ஒரு தனி மனிதர் தன் சொந்தக் காசில் கட்டியது, அரசாங்கப் பணமும் இல்லை, சுங்கமும் இல்லை என்று நான் அடிக்கடி மார்தட்டுவேன். ஆடிட்டர் ஒவ்வொரு தடவையும், 'அவரு கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தார்லா அண்ணாச்சி' என்று காற்றைப் பிடுங்கிவிடுவார்.)

நிபந்தனை போட்டால் ஜனங்கள் வழி கண்டுபிடிப்பார்கள் என்பதும் கடையில் கற்றதுதான். 2022 ஜூலை 18 முதல் பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, 25 கிலோவுக்கு மேல் இருந்தால் கிடையாது என்றார்கள். கொஞ்ச நாளில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. அம்பை 16 புழுங்கல் இன்றைக்கும் என் கடையில் 26 கிலோவாகத்தான் இறங்குகிறது, சுமை இறக்குகிறவர் அந்த ஒரு கிலோவைத் திட்டிக்கொண்டே இறக்குகிறார். இதில் களவு ஒன்றுமில்லை, சட்டம் விட்ட இடைவெளியில் ஒரு கிலோ அரிசி உட்கார்ந்திருக்கிறது. எழுதி வைத்த பணத்தில் அந்த ஒரு கிலோ இடைவெளி இருக்காது. தப்பாக எழுதியிருந்தாலும் இருக்காது.

நெட் இல்லாமலே காசு கொடுக்கிற ஆஃப்லைன் வசதியும் அந்த 2024 அறிவிப்பில் இருந்தது. அதற்காக மட்டும் நான் செயலியை அழிக்காமல் வைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, திருநெல்வேலி ஜங்ஷன் தண்ணீருக்குள் கிடந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஸ்பீக்கர் பெட்டி செத்துக் கிடந்தது. ஆட்கள் மெழுகுவர்த்திக்கும் பால்பவுடருக்கும் அணைந்துபோன போனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். சட்டைப்பையில் பத்து ரூபாய் இல்லாத பெரிய உத்தியோகஸ்தர்கள். அப்பா காலத்துப் பற்று நோட்டைத் தேடி எடுத்துப் பெயர் எழுதிக் கொடுத்தேன். மூன்று பேரைத் தவிர எல்லாரும் தேடி வந்து தந்துவிட்டார்கள். பிறகு அரசாங்கம் நிவாரணம் கொடுத்தபோது, அதிகம் பாதித்த இடங்களுக்கு 6000, மற்ற இடங்களுக்கு 1000 என்று ரேஷன் கடையில் வைத்து ரொக்கமாகத்தான் எண்ணிக் கொடுத்தது. நானும் வரிசையில் நின்று வாங்கினேன். ஆடிட்டர் பார்த்துவிட்டார், இன்னும் சொல்லிக் காட்டுகிறார். என்ன செய்ய, என் வரிதானே என்று சொல்லிச் சமாளித்தேன்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டரை. அந்த அரை, பாஸ்புக் இளைத்ததற்கு. வேகமெல்லாம் யூபிஐ அளவுக்கே இருக்கிறது, எழுத்து கொஞ்சம் பொடி. சம்பளக்காரர்கள், இரண்டு பக்கமும் வாலட் வைத்திருக்கும் நண்பர்கள், தைரியமாகப் போட்டுப் பார்க்கலாம். கடைக்காரர்கள் அவசரப்பட வேண்டாம்.

என் வாலட்டில் இன்னும் 163 ரூபாய் கிடக்கிறது. போன வாரம் உளுந்து டின்னைத் திறந்து பார்த்தேன், இட்லிக்குப் போட அளந்து எடுக்கத்தான். உளுந்து மட்டும்தான் இருந்தது. 'அதுல இல்ல' என்றாள், திரும்பிப் பார்க்காமலே.