"எண்கள் எல்லாம் பொருந்தும்" என்றார்கள், 1,450 டாலர் போய்விட்டது

இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், பழைய ராணுவ ரைஃபிள் வாங்குகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். போனது 1,450 கனடிய டாலர்.

நான் டொரொண்டோ பக்கம் இருக்கிறேன். முறையான உரிமத்தோடு ஏழு வருடமாகச் சேர்க்கிறேன். லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்த லீ என்ஃபீல்ட் நம்பர் 4 ரைஃபிள் ஒன்று வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நம்மூர்ப் போலீஸ்காரர் தோளில் பார்த்த திரீ நாட் திரீயின் தம்பி அது. 1941இலிருந்து 9 லட்சத்துக்கும் மேல் அங்கே செய்தார்கள், ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்த்த இடம். அதன் பரிசோதனைக் கட்டடம் மிசிசாகாவில் இன்னும் நிற்கிறது, என் வீட்டிலிருந்து அரை மணி நேரம்.

பழைய துப்பாக்கிகள் மட்டும் விற்கும் ஓர் இணையக் கடையில் விளம்பரம் பார்த்தேன். 1943இல் செய்தது, எண்கள் எல்லாம் பொருந்தும் (உடலிலும், தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்டிலும் ஒரே எண்), மரக்கட்டை வெட்டப்படாதது. தொலைபேசியில் நாற்பது நிமிடம் பேசினார் கடைக்காரர். போருக்குப் பிறகு இவை மலிவாக விற்கப்பட்டபோது, மான் வேட்டைக்கு வசதியாக முன்கட்டையை அறுத்துவிட்டவர்கள் ஏராளம். அதனால் நேராகவே கேட்டேன்: "இது அறுத்து, பிறகு வேறு துண்டு ஒட்டியதா?" "இல்லை. கட்டையைக் குழலோடு பிடிக்கும் வளையங்களைக் கழற்றி நானே பார்த்தேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அன்று இரவே 1,450 டாலர் அனுப்பினேன். போல்ட் கைப்பிடியின் படம் மங்கலாக வந்தது. கேட்டதற்கு, கேமரா சரியில்லை என்றார். சரி என்று விட்டேன்.

உரிமச் சரிபார்ப்பு, கைமாற்றத்துக்கான குறிப்பு எண் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. சட்டப்படி வாங்கினேன் என்பதற்குத்தான் அந்தக் காகிதம். உதிரிகள் அசலா என்று அது சொல்லாது.

திருப்பித் தர மூன்று நாள் அவகாசம். எனக்கு வேலை நாட்கள். ஐந்தாம் நாள், சனிக்கிழமை, நடு வளையத்தைத் தளர்த்தி நகர்த்தினேன். அதற்கு அடியில் கட்டையைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு, பசை. பின்பாதி வால்நட். முன்பாதி வேறு மரம், கறுப்பாகச் சாயம் பூசியது.

அப்புறம் போல்ட். கைப்பிடியின் பின்பக்கத் தட்டையில் எண் இருக்கும் இடம் மட்டும் லேசாகக் குழிந்திருந்தது. லென்ஸில் அரம் போட்ட கீறல்கள், புதிய எண்களுக்கு அடியில் பழைய 7 ஒன்றின் கால். எழுத்துருவும் உடலில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. போல்டின் பின்முனையில் இருக்கும் காக்கிங் பீஸில் சதுரத்துக்குள் எஸ் முத்திரை, அதாவது அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம் செய்தது. அது எனக்குக் குற்றமே இல்லை. ராணுவப் பட்டறையில் பழுது பார்த்த ரைஃபிளில் உதிரிகள் கலந்திருப்பது சகஜம், அதுவும் அதன் வரலாறுதான். ஆனால் வேறு ரைஃபிளின் போல்டை அராவி, பொருந்தும் எண் குத்துவது அயோக்கியத்தனம். தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளியை அந்தந்த ரைஃபிளுக்கு அளந்துதான் போல்டைப் பொருத்துவார்கள். போல்ட் தலையே 0 முதல் 3 வரை நான்கு அளவில் இருப்பது அதற்காகத்தான். எண் பொருந்தினால் அளந்தது என்று நம்புவோம். இடைவெளி அதிகமானால் சுடும்போது தோட்டாவின் உறை பிளக்கலாம். அடுத்த வாரம் மகனோடு சுடுதளத்துக்குப் போவதாக இருந்தேன்.

முதல் மின்னஞ்சலுக்கு "போர்க்காலப் பொருள், அப்படித்தான் இருக்கும்" என்று பதில். இரண்டாவதற்கு "மூன்று நாள் முடிந்துவிட்டது." படங்களோடு மூன்றாவது அனுப்பினேன், "கழற்றியது நீங்கள், ஒட்டியதும் நீங்களாக இருக்கலாம்" என்றார்கள். அதற்குப் பிறகு பதிலே இல்லை. தொலைபேசியில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார். 1,450 டாலருக்கு இவ்வளவுதான் மரியாதை. அறுத்து ஒட்டியது என்று சொல்லியே விற்றிருந்தால் இதில் பாதி விலைகூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. நடு வளையத்தை நகர்த்தி எடுத்த படம் கேளுங்கள். போல்ட் எண்ணும் உடல் எண்ணும் ஒரே வெளிச்சத்தில் தெளிவாக வேண்டும். வாயால் சொன்னதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பெட்டி வந்த அன்றே கழற்றிப் பாருங்கள். ஆயுதப் பட்டறையில் இடைவெளியை அளக்காமல் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.

இன்று காலை அதே கடையில் இன்னொரு லாங் பிராஞ்ச் விற்பனைக்கு வந்திருக்கிறது. "எண்கள் எல்லாம் பொருந்தும்", விலை 1,500. போல்ட் படம் மங்கல்.