போக்கர் செட்: சிப் அருமை, விதித்தாளில் தப்பு

ரம்மியைத் தவிர வேறு சீட்டாட்டம் தெரியாத வீடு எங்களுடையது. போக்கர் கற்றுக்கொள்ளலாம் என்று வாங்கிய செட் இது. இரண்டு கட்டு சீட்டு, நாலு நிறத்தில் 200 சிப் (பந்தயம் கட்டும் வில்லை), சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டும் டீலர் பட்டன், மடித்து வைத்த ஒரு விதித்தாள். மூன்று வாரம் ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சீட்டு முழுக்கப் பிளாஸ்டிக். கலைக்கும்போது வழுக்கும், முதல் நாள் பாதிக் கட்டு தரையில் கிடந்தது. ஆனால் மூலை மடங்கவே இல்லை. ஒரு ஏஸின் ஓரம் மடங்கினால் போதும், அது யார் கையில் இருக்கிறது என்று மேசைக்கே தெரிந்துவிடும். சிப் நல்ல கனம். மகள் பந்தயம் கட்டுவதைவிட அதை அடுக்கி அடுக்கிக் கலைப்பதில்தான் குறியாக இருக்கிறாள்.

வினை விதித்தாளில்தான். டெக்சஸ் ஹோல்டெம் முறையைச் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்: ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்து, நடுவில் ஃபிளாப் என்று மூன்று, டர்ன் ஒன்று, ரிவர் ஒன்று, அந்த ஏழில் சிறந்த ஐந்துதான் நம் கை. ஆனால் கைகளின் வரிசையில் ஃபிளஷ்ஷுக்கு (ஐந்தும் ஒரே சின்னம்) மேலே ஸ்ட்ரெயிட்டை (ஐந்தும் அடுத்தடுத்த வரிசை) அச்சடித்து வைத்திருக்கிறார்கள்! இரண்டாம் நாள் என்னிடம் ஆர்ட்டின் ஏஸும் ஜாக்கும், நடுவில் இன்னும் மூன்று ஆர்ட்டின். மச்சானிடம் 5 முதல் 9 வரை வரிசை. தாளைக் காட்டி மொத்த சிப்பையும் வாரிக்கொண்டான்.

மனசு ஆறாமல் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 52 சீட்டில் ஐந்தை எடுக்க 25,98,960 வழி. அதில் ஸ்ட்ரெயிட் 10,200, ஃபிளஷ் வெறும் 5,108. அரிதாக வருவதுதானே மேலே இருக்க வேண்டும்? மச்சான் சிப்பைத் திருப்பித் தரவில்லை, அது வேறு கதை.

இரண்டே பேர் ஆடினால் என்ன செய்வது என்று தாளில் ஒரு வரி இல்லை. நானும் மனைவியும் இதற்காகவே சண்டை போட்டோம். பட்டன் வைத்திருப்பவரே சின்ன பிளைண்ட் (சீட்டைப் பார்க்குமுன் கட்டாயமாக வைக்கும் இரண்டு பந்தயத்தில் சிறியது) போட வேண்டும். ஃபிளாப்புக்கு முன் முதலில் ஆட வேண்டியது அவர், அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் கடைசி. தேறாத கையை எப்போது கைவிட்டு விலக வேண்டும் என்பதைப் பற்றியும் மூச்சே இல்லை. நாங்கள் ஆசையில் எல்லாக் கையையும் ரிவர் வரை இழுத்து, அரை மணியில் காலியானோம்.

சீட்டுக்கும் சிப்புக்கும் தாராளமாக வாங்கலாம். விதித்தாளைப் பேனாவால் திருத்திப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டிவிட்டேன். மச்சான் வந்தால் முதலில் அதைத்தான் திறந்து காட்டுகிறேன்.