மாதவரம் டீசல் பம்ப் கடை: ஐந்துக்கு நாலு

கடையின் பெயரைச் சொல்லலாம் என்றால், பலகையில் பெயர் இருந்த இடத்தில் துருதான் இருக்கிறது. ‘டீசல் பம்ப், நாசில் சர்வீஸ்’ என்பது மட்டும் படிக்க முடிகிறது. மாதவரம் ரவுண்டானா பக்கம் எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் ‘பெரியவர் கடையா?’ என்று கை காட்டுவார்கள்.

எங்களுடையது டாட்டா 1210, தண்ணீர் லாரி. அப்பா ஓட்டியது, இப்போது வண்டியும் அதன் வியாதிகளும் என் பொறுப்பு. அதில் கம்பெனி போட்டபடி இருப்பது கேபின் மட்டும்தான் என்று நினைக்கிறேன். சாதா 697 இன்ஜினை எடுத்துவிட்டு அப்பா, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வைத்த 697 போட்டார். (6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், அதாவது சிலிண்டரின் உள் விட்டம், அதனால் 697. இது தெரியாமலே பத்து வருஷம் பில்லில் எழுதிக்கொண்டிருந்தேன்.) டீசல் டேங்க் சின்னதாக இருக்கிறது என்று புதுப்பேட்டையில் ஒரு பெரிய டேங்க் வாங்கி மாட்டியதும் அவர்தான். இந்தக் கடைசி விஷயம் முக்கியம், பின்னால் வரும்.

தொல்லை இதுதான். செங்குன்றம் பக்கம் 6,000 லிட்டர் ஏற்றிக்கொண்டு பெரம்பூர் வரும்போது மூலக்கடை மேம்பாலத்தில் வண்டி மூச்சு வாங்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இழுவை குறையும். காலியாக ஓட்டினால் ஒன்றுமே தெரியாது. சில நாள் காலையில் ஸ்டார்ட் ஆகாது. கிளீனர் பையன் கை பம்ப்பை முப்பது தடவை அடித்தால்தான் உயிர் வரும்.

முதலில் வேறு ஒரு இடத்துக்குப் போனோம். அங்கே இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் ஆறையும் கழற்றினார்கள், அவற்றுக்கு டீசல் தள்ளும் பம்ப்பை இறக்கி கலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்தார்கள், டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பீட் பம்ப் புதிதாகப் போட்டார்கள். 18,500 ரூபாய். டேங்க் நிறைய டீசல் போட்டு எடுத்து வந்தோம், இரண்டு நாள் குதிரை மாதிரி ஓடியது. மூன்றாம் நாள் அதே பாலம், அதே மூச்சிரைப்பு. திரும்பப் போய்க் கேட்டால், ‘பழைய வண்டிம்மா, அப்படித்தான்’ என்றார்கள்.

அப்புறம்தான் பெரியவர் கடை. அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் அண்ணனிடம் முதல் கேள்வி: “இழுக்காதப்போ புகை என்ன கலரு?” புகையே இல்லை என்றார் அண்ணன். “கறுப்பா தள்ளுனா டீசல் ஜாஸ்தி, காத்து கம்மி, டர்போவைப் பாக்கலாம். புகையே இல்லன்னா டீசலே வரல.” அடுத்த கேள்வி: “இழுக்காதப்போ டேங்க்ல எவ்ளோ இருந்துது?”

அண்ணன் முழித்தார். நான் பையிலிருந்து டீசல் நோட்டை எடுத்தேன். எந்த நாள் எத்தனை லிட்டர், என்ன கிலோமீட்டர், என்ன தொல்லை என்று எல்லாம் எழுதி வைப்பேன். வீட்டில் கிண்டல் செய்வார்கள். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு பக்கம் புரட்டினார். மூச்சிரைத்த நாள் எல்லாமே டீசல் போடுவதற்கு முந்தின நாள், அல்லது அன்றைக்குக் காலை. “அரை டேங்குக்குக் கீழ போனாத்தான் வலிக்குது இதுக்கு” என்றார்.

அதன்பிறகு ஒரு மணி நேரம்தான். பில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே, கொளத்தூர் மீன்தொட்டிக் கடையில் விற்குமே, அந்த மாதிரி உள்ளே தெரிகிற டியூப் ஒன்றை மாட்டினார். ரேஸ் செய்ததும் டீசலோடு கடுகு கடுகாகக் காற்று ஓடுவது எனக்கே தெரிந்தது. டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, பீட் பம்ப்புக்கு ஒரு கேனிலிருந்து நேராக டீசல் கொடுத்தார். கடுகு நின்றது. ஆக, கோளாறு இன்ஜினில் இல்லை, டேங்க் பக்கம்.

டேங்கிலிருந்து உறிஞ்சு குழாயை வெளியே உருவினார்கள். பெரிய டேங்க் போட்டபோது, பழைய குழாய் அடிவரை எட்டவில்லை என்று நடுவில் ஒரு துண்டு வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். கீழ் வாயை விரலால் அடைத்து, குழாயைப் பக்கெட் டீசலில் முக்கி, மேலே டியூப் மாட்டி லேசாகக் காற்றுக் கொடுத்தார். பற்றவைத்த இடத்தில் ஒரு பக்கமாக மயிரிழை விரிசல். அதிலிருந்து முத்து முத்தாகக் குமிழி. டீசல் அந்த விரிசலுக்கு மேலே நிற்கும்வரை அதுவும் டீசலைத்தான் உறிஞ்சும். கீழே இறங்கினால் காற்றைக் குடிக்கும். பக்கெட்டைப் பார்த்தபோது 18,500 ரூபாய் ஞாபகம் வந்தது, வேறென்ன.

ஒட்டுப் போடாத ஒரே குழாயாக மாற்றினார். அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. பம்ப்பில் கேஜ் மாட்டி ரேஸ் செய்தார். அப்போதும் டீசல் பிரஷர் ஏறாமல் படுத்தது. மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைனில் ஓவர்ஃப்ளோ வால்வு இருக்க வேண்டிய இடத்தில், உள்ளே ஸ்பிரிங் இல்லாத சாதாரண பேஞ்சோ போல்ட் (நடுவே துளையுள்ள போல்ட்). பம்ப்பைக் கழற்றி மாட்டிய யாரோ செய்த வேலை. பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் ஸ்பிரிங் இல்லாவிட்டால் டீசல் பம்ப்பில் தங்காமல் டேங்குக்கே ஓடிவிடும். வால்வு, குழாய், காப்பர் வாஷர், கூலி எல்லாம் சேர்த்து 2,650 ரூபாய்.

குறைகளும் உண்டு. சந்துக்குள் லாரி திரும்பாது. மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு போலீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டும். ஒரு மணிக்கு ஷட்டர் பாதி இறங்கினால் மூன்று வரை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். போன் எடுக்க மாட்டார். பில் கேட்டால் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதித் தருகிறார். ஒரு மதிப்பெண் அதற்காகத்தான் குறைத்தேன்.

போகிறவர்கள் டேங்க் நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். எங்கள் வண்டி மாதிரி என்றால், வயிறு நிறைந்திருக்கும்போது அது நல்ல பிள்ளையாக நடிக்கும்.