கிணத்துத் தண்ணில கலந்தது மனுஷக் கழிவா மாட்டுச் சாணியா? டிஎன்ஏ டெஸ்ட் ரிவ்யூ

எங்க கிணத்துத் தண்ணிய சாதா டெஸ்ட் பண்ணதுல ஈ.கோலைங்கிற குடல் பாக்டீரியா இருக்குன்னு வந்துடுச்சு, குடிக்கிற தண்ணின்னா 100 மில்லில ஒண்ணுகூட இருக்கக்கூடாது. ஆனா அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு அந்த ரிப்போர்ட் சொல்லவே சொல்லாது, ஏன்னா மனுஷன், மாடு, நாய், பறவைன்னு எல்லாத்தோட குடல்லயும் ஈ.கோலை இருக்கு, போதாததுக்கு மண்ணுலயும் சேத்துலயும் வேற தாக்குப்பிடிக்கும். எங்களுக்கு சந்தேகம் ரெண்டு, ஒரு பக்கம் செப்டிக் டேங்க், இன்னொரு பக்கம் மாட்டுக்கொட்டகை. அதான் சோர்ஸ் ட்ராக்கிங், அதாவது கழிவு எதுலேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கிற டெஸ்ட் பண்ற ஒரு தனியார் லேப்ல குடுத்தோம், பேரு வேண்டாம்.

விஷயம் என்னன்னா குடல்ல பாக்டீராய்டிஸ்னு ஒரு பாக்டீரியா கூட்டம் இருக்கு, ஆக்சிஜன் ஆகாது, அதனால வெளிய வந்தா பெருகாது. மனுஷக் குடலுக்கு ஒரு வகை, அசைபோடுற மாடு ஆட்டுக்கு வேற வகை. அந்த வித்தியாசத்தை டிஎன்ஏல பிடிக்கலாம்னு 2000ல பெர்ன்ஹார்ட், ஃபீல்ட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டுனாங்க, மனுஷக் கழிவைக் காட்டிக்குடுக்குற டிஎன்ஏ அடையாளம், அதாவது மனுஷ மார்க்கர் எச்எஃப்183, அங்கேர்ந்து வந்ததுதான். லேப்ல தண்ணிய ஃபில்டர் பண்ணி அதுல ஒட்டுற டிஎன்ஏவ எடுத்து கியூபிசிஆர்ல (டிஎன்ஏவப் பல மடங்கா பெருக்கி எவ்வளவு இருக்குன்னு அளக்குற முறை) ஓட்டுறாங்க, பாக்டீரியாவ கல்ச்சர் பண்ணி வளர்க்குற வேலையே இல்ல.

சர்வீஸ் பத்தி சொல்லணும்னா ஸ்டெரைல் பாட்டில், ஐஸ் பேக் எல்லாம் பக்காவா அனுப்பினாங்க. ரிப்போர்ட்தான் கொடுமை, "100 மில்லிக்கு இத்தனை காப்பி"ன்னு நம்பர் மட்டும் இருக்கு (காப்பின்னா அந்த மார்க்கர் டிஎன்ஏவோட எண்ணிக்கை), அது ஜாஸ்தியா கம்மியான்னு ஒரு வரி இல்ல. ஃபோன் பண்ணதுக்கு அப்புறம் ஒரு மேடம் பொறுமையா விளக்கினாங்க, மனுஷ மார்க்கர் தெளிவா இருக்கு, மாட்டு மார்க்கர் பிடிபடலன்னு. அதுவரைக்கும் மாட்டைத்தான் திட்டிட்டு இருந்தாங்க வீட்ல எல்லாரும், பாவம் அது.

ஆனா மாடு முழுசா தப்பிச்சிடுச்சுன்னும் சொல்ல முடியாது, ஒரு சாம்பிள் அன்னிக்கு இருந்த நிலைமைய மட்டும்தான் சொல்லும். நல்ல மழைக்கு அப்புறம் எடுத்தா மேல கிடக்குற சாணியும் அடிச்சிட்டு வந்திருக்கும், இதை லேப்காரங்க முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல. இன்னொண்ணு, செத்துப்போன பாக்டீரியாவோட டிஎன்ஏவும் இந்த டெஸ்ட்ல மாட்டும், அதனால குளோரின் போட்ட கையோட திரும்ப டெஸ்ட் பண்ணி இன்னும் இருக்கேன்னு பதறாதீங்க. கலங்கல் தண்ணில இருக்குற, இலைதழை மக்கி வர்ற ஹியூமிக் ஆசிட் பிசிஆரையே அமுக்கிடும், இருக்குறதையும் இல்லன்னு காட்டும். அப்படி அமுங்குதான்னு பாக்க ஒரு கன்ட்ரோல், அதாவது சரிபார்ப்பு டெஸ்ட், ஓட்டுறீங்களான்னு கேட்டுட்டு குடுங்க, இவங்க ஓட்டியிருந்தாங்க, அதுக்கு ஃபுல் மார்க்.

சந்தேகம் ரெண்டு மூணு பக்கம் இருந்தா மட்டும் காசு போடுங்க. பக்கத்துல செப்டிக் டேங்க் மட்டும்தான் இருக்குன்னா இது தண்டச்செலவு, நேரா டேங்கைப் பாருங்க. எச்எஃப்183 மனுஷக் கழிவுன்னு சொல்லும், யார் வீட்டு டேங்க்னு சொல்லாது. அதுக்கு டாய்லெட்ல சாய டை ஊத்தி கிணத்துல வருதான்னு பாக்குற பழைய வழிதான், இப்ப அதைத்தான் ஆரம்பிச்சிருக்கோம், பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் ஓகே சொல்லல.