வெளியே மாட்டிய ஆன்டெனாவோடு 4ஜி வீட்டு இணையம்: நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

வயர் வழி இணையம் எட்டாத வீட்டில், சிம் போட்ட 4ஜி ரவுட்டரை நம்பிக் காலம் தள்ளுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளியே ஒரு பேனல் ஆன்டெனா மாட்டி, வெயில், மழை, காற்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. வாங்கியது வீண் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆன்டெனா என்றாலே சிக்னலைக் கூட்டித் தரும் சாமான் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கூட்டித் தரும், சரி. ஆனால் திசை பார்க்கும் ஆன்டெனா செய்யும் பெரிய உபகாரம், வேண்டாத டவர்களின் இரைச்சலை அடக்குவதுதான். கூட்டத்தில் ஒருவர் பேசுவதைக் கேட்கக் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொள்கிறோமே, அதே வேலை.

இதைப் புரிந்துகொள்ள ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். முன்னால் எரியும் சிக்னல் விளக்குகளை நம்ப வேண்டாம். முதல் எண் ஆர்எஸ்ஆர்பி, டவரிலிருந்து வந்து சேரும் பலம். -80 என்றால் பிரமாதம், -100 சுமார், -110க்குக் கீழே போனால் தள்ளாட்டம். இரண்டாவது எஸ்ஐஎன்ஆர். நமக்கு வேண்டிய சிக்னல், மற்ற டவர்களின் தொந்தரவையும் இரைச்சலையும் தாண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும் எண் இது. 20 இருந்தால் கவலையே இல்லை, 10க்கு மேல் நிம்மதி. 0 பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால், விளக்கு எல்லாம் எரிந்தாலும் வீடியோ சுற்றிக்கொண்டேதான் இருக்கும். காரணம் எளிது: சிக்னல் சுத்தமாக இருந்தால் டவர் ஒரு துடிப்பில் 6 பிட், 8 பிட் என்று திணித்து அனுப்பும், இரைச்சல் மிகுந்தால் 2 பிட்டோடு நிறுத்திக்கொள்ளும்.

என் வீட்டுக்குள் ஆர்எஸ்ஆர்பி -108, எஸ்ஐஎன்ஆர் 1 அல்லது 2. ஆன்டெனா வந்தபின் -97, 13. பலம் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அலகு டெசிபல். என் வீட்டில் பலம் கூடியது 11 டெசிபல்தான். ஆனால் நாள்பட்ட தொல்லை எல்லாம் ஓய்ந்தது அந்த 13ஆல்தான்.

இன்னொரு லாபமும் கிடைத்தது. டவர் பேசும் அலைவரிசைகளைத்தான் பேண்டு என்கிறார்கள். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள் சுவரைத் துளைத்து உள்ளே வந்துவிடும். 1800, 2300, 2600க்கு அந்தத் தெம்பு குறைவு. கம்பி போட்ட கான்கிரீட்டும், வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடியும் அவற்றைப் பெருமளவு தடுத்துவிடும். அதனால் வீட்டுக்குள் இருந்தவரை ரவுட்டர் தாழ்ந்த பேண்டையே கட்டிக்கொண்டு கிடந்தது. தாழ்ந்த பேண்டின் அகலம் பெரும்பாலும் குறுகல், வேகமும் அப்படியே. வெளியே ஆன்டெனா வந்ததும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள உயர்ந்த பேண்டைத் தானாகவே பிடித்துக்கொண்டது.

அடுத்தது ஆன்டெனாவையும் ரவுட்டரையும் இணைக்கும் கோஆக்சியல் கேபிள். இங்கேதான் பலரின் பணம் கரைகிறது. ஆர்ஜி-58 மாதிரி மெல்லிய கேபிளில், 2 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மீட்டருக்கு முக்கால் முதல் 1 டெசிபல் வரை போய்விடும். 3 டெசிபல் போனால் பாதி சக்தி போச்சு என்று அர்த்தம். பத்து மீட்டர் இழுத்தால் 9 டெசிபல் ஆன்டெனாவின் சம்பாத்தியம் மொத்தமும் கேபிளுக்கே மொய். எல்எம்ஆர்-400 போன்ற தடித்த கேபிளில் மீட்டருக்கு 0.2 அளவுதான் இழப்பு, ஆனால் அது வளையவே வளையாது, ஜன்னல் சந்தில் நுழைக்கப் போராட வேண்டும். நான் செய்தது வேறு: ரவுட்டரையே ஆன்டெனாவுக்குப் பக்கத்துச் சுவரின் உள்பக்கத்துக்குக் கொண்டுபோய், கோஆக்சியல் கேபிளை இரண்டு மீட்டருக்குள் முடித்துவிட்டு, அங்கிருந்து கூடத்துக்கு லேன் கேபிள் இழுத்தேன். லேன் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும்.

எந்த ஆன்டெனா? எல்லாப் பக்கமும் கேட்கும் ஆம்னி எனக்குச் சரிப்படாது. சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துத்தான் கொண்டு வரும். மீன்முள் மாதிரி இருக்கும் ஒற்றைக் கேபிள் யாகி ஆன்டெனா தூரத்து டவருக்கு நல்லதுதான், ஆனால் ஒன்றை மட்டும் மாட்டினால் மைமோ போய்விடும். 4ஜி இரண்டு தனித் தடங்களில் டேட்டா அனுப்பக்கூடியது, அதற்குப் பெயர்தான் மைமோ. அதற்கு +45, -45 டிகிரி சாய்வில் இரண்டு ஆன்டெனா ஒரே பெட்டிக்குள் இருக்கும் பேனல்தான் வசதி. உள்ளங்கை அளவு பெட்டியில் 28 டெசிபல் என்று அச்சடித்திருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். கெயின், அதாவது சிக்னலைக் கூட்டித் தரும் திறன், வேண்டும் என்றால் உருவமும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

கனெக்டரில் ஒரு சங்கதி. 4ஜி போர்ட் பெரும்பாலும் எஸ்எம்ஏ. வைஃபை குச்சிகளுக்கு வருவது ஆர்பி-எஸ்எம்ஏ. இரண்டுக்கும் மரை ஒன்றே. அழகாகத் திருகி உட்காரும். ஆனால் நடுவில் ஊசியும் ஊசியும் முட்டும், இல்லாவிட்டால் ஓட்டையும் ஓட்டையும் பார்த்துக்கொண்டிருக்கும். வாங்கும் முன் நடுவே எட்டிப் பாருங்கள். சில ரவுட்டர்களில் செட்டிங்ஸில் போய் வெளி ஆன்டெனா என்று மாற்றவும் வேண்டும்.

திசை வைப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் கம்பத்தருகே, தம்பி உள்ளே போனில் எண்ணைப் பார்த்தபடி. பத்து டிகிரி திருப்பி, அரை நிமிடம் பொறுத்து, அப்புறம்தான் எண்ணைக் கேட்க வேண்டும். ரவுட்டர் உடனே காட்டாது. “ஏழு... ஒன்பது... அண்ணா, பதிமூணு, கையை எடுங்க!” என்று அவன் கத்திய திசை, பக்கத்து டவர் இருக்கும் திசையே இல்லை. பக்கத்து டவரின் பலம் 5 டெசிபல் அதிகம், ஆனால் தூரத்து டவரில் எஸ்ஐஎன்ஆர் நன்றாக இருந்தது, வேகமும் அங்கேதான். எந்த டவர் என்று தெரிய, ரவுட்டர் காட்டும் செல் ஐடி என்ற எண்ணை 256ஆல் வகுத்தால் போதும்: ஈவு டவரின் எண், மீதி அதன் எந்தப் பக்கம் என்பது.

நான் எதிர்பார்க்காதது அப்லோட். ரவுட்டர் அனுப்பும் சக்தி 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட் அளவுதான். டவர் மாதிரி முழங்க அதனால் முடியாது. ஆன்டெனாவின் கெயின் போகிற வழிக்கும் சேர்த்தே வேலை செய்வதால், வீடியோ காலில் என் முகம் உறைந்து நிற்பது நின்றுபோனது.

நாள் போகப் போக வரும் தொல்லைகளில் முதல் எதிரி தண்ணீர். ஒரு மழைக்காலத்தில் எஸ்ஐஎன்ஆர் மெல்ல மெல்ல இறங்கியது. கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருந்தது. ஆன்டெனாவோடு வந்த சாதாரண டேப் வெயிலில் உரிந்துபோயிருந்தது. தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றினேன். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கேபிளைக் கட்டும் வெள்ளை பிளாஸ்டிக் டை எல்லாம் வெயிலில் பொடிந்துவிடும், கருப்பு டை தாக்குப்பிடிக்கிறது. பலத்த காற்றுக்குப் பிறகு கிளாம்ப் கொஞ்சம் நகர்ந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். குறுக்கே மரம் தழைத்தால் எண் குறையும், ஈர இலை என்றால் இன்னும் மோசம். காக்கா உட்கார்ந்தால் ஒன்றும் ஆவதில்லை. கம்பத்துக்கு எர்த் அவசியம். இடி நேரத்தில் நான் கனெக்டரைக் கழற்றப் போவதில்லை, இடி வரும் முன்பே கழற்றிவிடுவேன்.

ஆன்டெனாவால் முடியாதது ஒன்று உண்டு: ராத்திரி நெரிசல். எஸ்ஐஎன்ஆர் அதே 13 இருக்கும், வேகம் மட்டும் மூன்றில் ஒரு பங்காகும். டவரில் கூட்டம், கூட்டம் குறைந்த வேறு பேண்டுக்கோ வேறு டவருக்கோ மாறிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் மோடமும் ஆன்டெனாவும் ஒரே பெட்டியில் வரும் வெளிப்புற யூனிட்டைத்தான் எடுப்பேன். லேன் கேபிள் வழியாகவே கரண்டும் போய்விடும், கோஆக்சியல் இழப்பு என்ற பேச்சே இல்லை. தனி ஆன்டெனாதான் என்றால் அலைவரிசையைப் படித்துப் பாருங்கள். 2700 மெகாஹெர்ட்ஸோடு முடிவது 3500இல் ஓடும் 5ஜிக்கு உதவாது. அதற்கும் முன்னால், இப்போதிருக்கும் ரவுட்டரை நீளமான எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி வெளியே உயரமான இடத்தில் வைத்து அந்த இரண்டு எண்களையும் பாருங்கள். அங்கேயும் எண் அசையவில்லை, டவரும் தூரத்தில் இல்லை என்றால் காசைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.